ஆபீசரிடம் சொன்ன குறைகள்

இந்த வருஷம் வரை எங்கள் வீட்டுச் சுற்றுலாப் படங்களில் ஒன்றில்கூட நான் இருந்ததில்லை. அருவி, மலை, பூங்கா, படகு என்று எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், நாத்தனார் குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள், "நீங்கதான் படம் எடுத்தீங்களா? நல்லா எடுத்திருக்கீங்க" என்று என்னைப் பாராட்டுவார்கள். நானும் மறுப்பதில்லை. அந்த நேரத்தில் நான் முழங்கால்களுக்கு நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு மாட்டு மடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன் என்பதை எத்தனை பேரிடம்தான் சொல்வது?

அந்த மாட்டுக்கு என் மகள் வைத்த பெயர் ஆபீசர். கொட்டகைக்குள் யார் நுழைந்தாலும் தலையைத் தூக்கிச் சந்தேகமாக ஒரு பார்வை பார்க்கும். தனக்குத் தோன்றினால்தான் எழுந்திருக்கும். கன்று வளர்ந்து தனியாக மேயப் போனபிறகு, என் கை பட்டால் மட்டும்தான் சுரப்பு விடும். வேறு யார் தொட்டாலும் பாலை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும். கறக்காமல் விட்டுவிடவும் முடியாது, மடி கல்லாய்க் கட்டிக் காய்ச்சல் கண்டுவிடும். அதனால் எப்போது வேன் பேசினாலும் வீட்டில் ஒரு ஆள் தங்கியாக வேண்டும். அந்த ஆள் யார் என்று யாரும் கேட்டதே கிடையாது.

இந்த முறை நாத்தனார் வேன் பேசியது கடலுக்கு. போனால் மறுநாள் இரவுதான் திரும்ப முடியும். நான் கடலைப் பார்த்ததே இல்லை.

"அங்க என்ன இருக்கு? தண்ணிதானே" என்றார் நாத்தனார். வருஷா வருஷம் போகிறவர் பேசுகிற பேச்சு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாப்பாடு பரிமாறும்போது கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் மகள் திடுக்கிட்டாள்.

"இந்தத் தடவை நான் போறேன். மாட்டை யார் பாத்துக்குவீங்களோ எனக்குத் தெரியாது."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "நான் கத்துக்கறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்து மோட்டார் எரிந்தாலும் அவர்தான் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மோட்டார்கள் போடுகிற சத்தத்துக்கெல்லாம் சேர்த்துவைத்து அவர் அமைதியாக இருப்பார். ஊரில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர். 'நான் கத்துக்கறேன்' என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு மேடைப் பேச்சு.

பயிற்சிக்கு மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு ரப்பர் கையுறையில் தண்ணீரை நிரப்பி, விரல் நுனிகளில் ஊசியால் குத்தி, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். மனுஷன் முதலில் செம்புக் கம்பியை இழுக்கிற மாதிரி இழுத்தார். கையுறை அறுந்து அவர் மடியில் விழுந்தது.

"இழுக்கக் கூடாதுங்க. மேல கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு, ஒவ்வொரு விரலா மூடிக்கிட்டே வாங்க" என்றேன்.

"வால்வு மாதிரி."

"ஏதோ ஒண்ணு. வந்தா சரி."

கை வேலைக்காரர் இல்லையா, சீக்கிரமே பிடித்துக்கொண்டார். இரண்டாவது கையுறையில் தாரை தாரையாக வாளிக்குள் விழுந்தது. நான் பயணப் பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டேன்.

ஆனால் ஆபீசருக்குக் கையுறைப் பயிற்சியில் மரியாதை இல்லை. அவர் போய் உட்கார்ந்ததும் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாலை அடக்கிக்கொண்டது. விரல் வலிக்க வலிக்கக் கறந்தும் வாளியின் அடி நனையவில்லை. மகள் என் பழைய நைட்டியைக் கொண்டுவந்து அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். ஆபீசர் திரும்பி, அந்தக் கோலத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, நைட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றது.

"அப்பா பேசாமலே கறக்கறாரு, அதான் பிரச்சினை" என்றாள் மகள். "அம்மா கறக்கும்போது வாய் ஓயாது. ஏதோ முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அம்மா, அதுகிட்ட என்ன சொல்லுவே?"

நான் வைக்கோலை உதறுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

நான் சொல்வதெல்லாம் வேறு என்ன, இந்த மனுஷனைப் பற்றித்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறார். நட்டும் போல்ட்டும் என் டம்ளர்களில் கிடக்கின்றன. ஊர் மோட்டாரெல்லாம் ஓடுகிறது, எங்கள் சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. சமைத்ததை நன்றாக இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. நான் புது உடை உடுத்தி எதிரே வந்து நின்றால், "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்கிறார். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. பால் நிறைய நிறைய என் மனசு காலியாகும். ஆபீசர் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நடுநடுவே பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும். குறை சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பதில் அது அசல் ஆபீசர்தான்.

இதை எப்படி அவரிடம் சொல்வது?

"சும்மா... கொஞ்சுவேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி" என்று உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள்:

"என் ராசாத்தி... தங்கம்... கண்ணு... என் செல்லம்ல..."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதில் ஒரு வார்த்தையை எனக்கு அவர் செலவு செய்ததில்லை. இந்த மனுஷன் வாய்க்குள் இவ்வளவு சரக்கு இருந்ததா? மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆபீசருக்கும் அது பிடிக்கவில்லை. 'செல்லம்' என்ற இடத்தில் பின்னங்காலைத் தூக்கி ஒரே உதை. வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"நாளைக்குப் பாப்போம்" என்று தொடையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

மறுநாளும் கொஞ்சினார், உதை வாங்கினார்; மூன்றாம் நாளும் அப்படியே. வேன் வருவதற்கு முந்தின நாள் வந்துவிட்டது. நாத்தனார் போன் செய்து, "உன் சீட்டை என் மாமியாருக்குக் குடுத்துடவா? நீ எங்க வரப்போறே" என்று கேட்டார். நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கடல் போகும்.

விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். போனால் போகட்டும் மானம், அது எங்கே என்னைச் சுற்றுலா கூட்டிப்போகப் போகிறது? எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கொட்டகைக்குப் போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

உள்ளே வாளியில் பால் விழுகிற சத்தம். நுரை கட்டிய பிறகு வருமே, அந்தக் கனமான சத்தம். கூடவே அவர் குரல், ஏறக்குறைய என் ராகத்திலேயே:

"மனுஷனா அவன்? ஈரத் துண்டை எங்க போடணும்னு ஒரு அறிவு வேணாம்? கட்டில்ல போடறான். டம்ளரை எடுத்தா நட்டு. தண்ணி குடிக்கிறதா, நட்டைக் குடிக்கிறதா? நானும் எத்தனை தடவைதான் சொல்றது... புதுசா உடுத்திக்கிட்டு வந்து நின்னா, கரண்ட் போயிடுச்சான்னு கேக்கறான். எனக்கு வாய்ச்சது அப்படி..."

ஆபீசர் காதைத் திருப்பிக்கொண்டு பெருமூச்சு விட்டது. பால் தடையில்லாமல் இறங்கியது.

நான் வெட்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. கொட்டகைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தகரம். நான் இந்தப் பக்கம் பேசியதெல்லாம் அந்தப் பக்கம் கம்பி சுற்றிக்கொண்டே கேட்டிருக்கிறார். ஒன்று விடாமல், ராகம் உட்பட.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"தெரிஞ்சும் எதுக்கு மூணு நாளா கொஞ்சிக்கிட்டு உதை வாங்கினீங்க?"

"நீதான் கொஞ்சுவேன்னு சொன்னே" என்றார். "பொண்ணு முன்னாடி உன்னைப் பொய்க்காரியாக்க வேணாம்னு பாத்தேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். "தொடையில எண்ணெய் தேச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாத்தனாருக்குப் போன் போட ஓடினேன்.

கடலைப் பற்றி நான் என்ன சொல்வது? போன தடவை போய்வந்தபோது இவரிடம் கேட்டேன், "பெருசு" என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கரையில் கால் நனைய நின்றபோது, அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் எனக்கும் வேறு எதுவும் கிடைக்கவில்லை. மெக்கானிக் பெண்டாட்டி இல்லையா, இத்தனை தண்ணீரை நிறுத்தாமல் தள்ளுவதற்கு எங்கே என்ன மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்றுதான் யோசனை ஓடியது. மகள் என்னை நிற்கவைத்து, உட்காரவைத்து, தண்ணீருக்குள் ஓடவிட்டுப் படமாக எடுத்துத் தள்ளினாள். எல்லாவற்றிலும் நான் இருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் என் விரல்கள் தானாக மூடித் திறக்க ஆரம்பித்தன. கறக்கிற நேரம். காலையில் விட்ட மாதிரி இப்போதும் சுரப்பு விடுமா? நான் வீட்டிலேயே இல்லை என்பது அதற்குத் தெரிந்திருக்குமே. போனைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன, அவனை நெனச்சுக் கவலையா? மாடு உதைச்சதும் இந்நேரம் ஓடியிருப்பான். சின்ன வயசுலயே அப்படித்தான். ஒரு வேலை சொன்னா வாயே திறக்க மாட்டான், செய்யவும் மாட்டான். என் சைக்கிளைப் பிரிச்சுப் போட்டான், இன்னிக்கு வரைக்கும் மாட்டித் தரலை. என் கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் அழறாங்க, இவன் ஃபேனைக் கழட்டிக்கிட்டு நிக்கறான்..."

ஆரம்பத்தில் எனக்கு இனிக்கத்தான் செய்தது. மனுஷங்க காதில் விழும்படி ஒருத்தராவது சொல்கிறார்களே என்று இருந்தது. போகப் போகக் காது சுட்டது. துண்டு, டம்ளர் என்று நான் சொல்வது வேறு. இவர் யார் சொல்வதற்கு?

"போதும் அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்காக மூணு நாள் உதை வாங்கினாரு அவரு. அவரைப் பத்தி நான் சொல்லலாம், எங்க மாடு கேக்கலாம். வேற யாரும் பேச வேணாம்."

அவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். அப்போது போன் அடித்தது.

"கறந்தாச்சு" என்றார்.

"எவ்வளவு?"

"வாளி நெறைய. வழக்கத்தைவிடக் கூட."

எனக்கு உயிர் வந்தது. கூடவே சின்னதாக ஒரு வலியும் வந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? "அதே பாட்டுதானா? துண்டு, டம்ளர்?"

"அதெல்லாம் காலையிலயே தீந்துபோச்சு. பழசைச் சொன்னா அது அடக்கிக்கிச்சு." என்றார். "இப்ப உன்னைத் திட்டினேன்."

"என்னையா? நான் என்ன பண்ணேன்?"

அலை ஒன்று வந்து என் கால்விரலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இல்லாமப் போயிட்டேல்ல. வீடு வீடாவே இல்ல. அதைத்தான் கொஞ்சம் விரிவா சொன்னேன்."

இந்த மனுஷன் விரிவாகச் சொன்னாராம். அதைக் கேட்க நான் அந்தத் தகரத்துக்குப் பின்னால் இல்லாமல் போனேனே என்று இருந்தது. கடல் அங்கேயேதான் இருந்தது, அவ்வளவு பெரிதாக. பார்த்தது போதாதென்று பக்கத்தில் அவரும் வேண்டும் போல இருந்தது எனக்கு.

"என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் மாட்டுக்கிட்டதான் சொல்ல வரும்" என்றார். வைத்துவிட்டார்.

நாத்தனார் இன்னும் அடங்கவில்லை. மணலைத் தட்டிக்கொண்டே, தம்பி பள்ளிக்கூட நாளில் செய்த அநியாயங்களைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ராகம் கொஞ்சம் வேறு. ஆனால் சரக்கு குறைவில்லை, ஒரு வாரத்துக்குத் தாராளமாக வரும். நான் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து விரல்களைப் பார்த்தேன். நல்ல நீளமான, வலுவான விரல்கள்.

"அண்ணி, உங்களுக்குப் பால் கறக்கத் தெரியுமா?"