ஓட்டை பிஸ்கோத்து

ஆவடி பட்டாள முகாமில் வைக்கோலை இறக்கிவிட்டு நான் காலி வண்டியோடு வீடு திரும்பியிருக்கலாம். வாய்க்கு உப்பாக ஏதாவது வேண்டும் என்று ஏழு மாதக் கர்ப்பிணியான என் பெண்சாதி நாகவல்லி கேட்டிருந்தாளே என்று, முகாம் சமையல்காரனிடம் ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கோத்து கேட்டு வாங்கி வந்தேன். எனக்கென்று ஒன்றை மிச்சம் வைத்துவிட்டு மற்றதெல்லாம் தின்று தீர்த்தாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் அந்த ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாடா இது, ஊசி குத்துன ஓட்டையா கீது? பட்டாளத்தானுக்குப் பொம்பள நெனப்பு வரக்கூடாதுன்னு மருந்து ஏத்துறாங்களாம். வயித்துப் புள்ளக்காரி துன்னா தங்குமா?”

போன மாதம்தான் காலரா ஊசி போட்டுக்கொண்டு எங்கள் ஊர் கோவில்பதாகையே காய்ச்சலில் படுத்துக் கிடந்தது. அந்த ஓட்டைகளும் ஊசி குத்தியது போலத்தான் இருந்தன. முதல் பிள்ளை பிறந்த பத்தாம் நாளே போய்விட்டது. இதையும் என் கையாலேயே கொன்றுவிட்டேனா?

உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும். பிஸ்கோத்தில் மருந்து இருக்கிறதாம் என்று சொல்லி, அரைச் சொம்பு விளக்கெண்ணெயை அவள் அழ அழக் குடிக்க வைத்தேன். அப்படியும் பயம் தெளியவில்லை. வண்டியைக் கட்டிக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். முகாமுக்கு பிஸ்கோத்து சுட்டுக் கொடுக்கும் சாராள் அங்கேதான் இருந்தாள்.

“சாராளம்மா, அதுல இன்னா மருந்து போடுறீங்க?”

“மருந்தா? மைதா, உப்பு, வனஸ்பதி, கொஞ்சம் சோடா உப்பு. அவ்ளோதான், உலகநாதா.” முள் பதித்த கட்டையை மாவில் அழுத்திக் காட்டினாள். “ஓட்டை போடலன்னா பூரி கணக்கா உப்பிக்கும்.”

எனக்கு உயிர் வந்தது. கோவிந்தனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“அவன் பேச்சக் கேட்டு அரைச் சொம்பு விளக்கெண்ணெய வேற குடுத்துட்டேன்மா,” என்று சிரித்தேன்.

சாராள் சிரிக்கவில்லை. “ஏழாம் மாசத்துக்காரிக்கா? பாவி, பிரசவ வலிய நீயே வரவழைச்சிட்டியே!”

மாவுக் கையோடு வண்டியில் ஏறினாள். என் மாடுகளை நான் அப்படி அடித்ததே இல்லை.

தெருமுனையிலேயே நாகவல்லி அலறுவது கேட்டது. பாயில் சுருண்டு கிடந்தவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பாழாப்போன பிஸ்கோத்து வேலையக் காட்டுதுய்யா.”

சாராள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா புள்ள,” என்றேன்.