பூட்டாத கொக்கி

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டாமல் அனுப்ப மாட்டான் அவள் புருஷன். விண்வெளியில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்த பெண்டாட்டி, பெருமை இருக்கத்தானே செய்யும்! அன்றைக்கு வந்திருந்தவர் அவளுடைய சித்தப்பா. சோபா நுனியில் உட்கார்ந்து திரையை விழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். விண்வெளி நிலையத்துக்கு வெளியே வெள்ளை உடுப்பில் அவள். "பூட்டியாச்சு" என்று அவள் குரல் கணீரென்று கேட்கிறது. அடுத்த நிமிஷம் அவளுடைய ஸ்பேனர் கைக்கெட்டாத தூரத்தில் மிதந்து போகிறது.

"படுபாவிங்க! ஒரு கொக்கியைக்கூட உருப்படியா பார்த்துக் குடுக்க மாட்டாங்களா?" என்று சித்தப்பா கொதித்தார். "என் பொண்ணு உசுரோட விளையாடியிருக்காங்களே!"

"விடுங்க சித்தப்பா," என்றாள் அவள். டீ டம்ளரை எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள். முகமெல்லாம் எரிந்தது.

விஷயம் இதுதான். நிலையத்துக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் எந்தக் கருவியையும் கட்டாமல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்பேனரில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் கொக்கி, கொக்கி இடுப்பு வளையத்தில். மாட்டி, பூட்டைத் திருகி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கீழே கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். நான்கு வருஷப் பயிற்சியில் ஆயிரம் தரமாவது சொல்லியிருப்பாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்று புருஷன் கேலி செய்வான். வினை வந்தது அதில்தான். அன்றைக்கு வேலை நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தது. கை கொக்கியை வளையத்துப் பக்கம் கொண்டுபோனது, கண் அடுத்த போல்ட்டுக்குப் போய்விட்டது, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கை பூட்டவில்லை.

ஸ்பேனர் மிதந்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூட்டு விழுந்தால் கையுறைக்குள் விரலில் ஒரு சின்ன அதிர்வு வரும், அது வரவில்லை. கொக்கியும் ஸ்பேனரோடு போய்த் தொலைந்தது. தலைக்கவசக் கேமரா போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, நிலையத்துக் கேமராவில் அவள் முதுகுதான் தெரிந்தது. மிச்சமிருந்த ஒரே சாட்சி அவள் குரல். விசாரணையில், "பூட்டினீங்களா?" என்று கேட்டார்கள்.

"சொன்னேனே சார், பதிவிலேயே இருக்குமே," என்றாள்.

பொய்யில்லை பாருங்கள்! படித்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்துதான் வருமோ. கொக்கியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கொக்கியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டது பூதக்கண்ணாடி அக்கா.

அக்காவுக்குக் கருவி அறையில் இருபத்தாறு வருஷ அனுபவம். எதைக் கொடுத்தாலும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைப்பார், அதனால் அந்தப் பட்டப்பெயர். இவள் புதுசாகச் சேர்ந்த எஞ்சினியராக முதல் வால்வை வரைந்தபோது, "படம் அழகா இருக்குடி, ஸ்பேனர் நுழைய எடம் எங்க?" என்று கேட்டவர். அந்தக் கேள்வியால்தான் அந்த வால்வு உருப்பட்டது. அதே வால்வு இப்போது நிலாவைச் சுற்றப்போகிற கலத்தில் இருக்கிறது. அந்தக் கலத்தில் போகிற மூன்று பேரில் ஒருத்தியாக இவள் பெயரும் அடிபட்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் வரும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் போனவள், அக்காவைக் கருவி அறையில் காணாமல் விசாரித்தாள். பின்கட்டு ஸ்டோரில் இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அதே ரகக் கொக்கி ஒன்றைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார் அக்கா. பக்கத்தில் ஒரு நோட்டு, பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள்.

"வாடி! நடக்கறதுக்குக் கால் வந்துருச்சா? உக்காரு, உக்காரு."

"உங்களை ஏன்க்கா இங்க மாத்தினாங்க?"

"யாரும் மாத்தல. நானேதான் கேட்டு வாங்கிக்கிட்டேன்." அக்கா கொக்கியைக் கீழே வைத்தார். "ஒன்பதாயிரம் தரம் பூட்டிப் பார்த்துட்டேன், ஒரு தரம்கூடக் கழலல. கண்ணு டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப கோளாறு என் புத்தியிலதானே? இனிமே நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட?" "ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் என்னடி செஞ்சிருப்பேன்? என்னை மன்னிச்சுருடி."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நாக்கு நுனிவரை வந்தது. வெள்ளிக்கிழமையும் கூடவே வந்து நின்றது. அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லக்கா," என்றாள்.

யார் யாரை மன்னிப்பது! வாசல் தாண்டி வெளியே வந்தபோது அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் தலை வாரினாள். வியாழக்கிழமை சாயங்காலம் புருஷன் யாருக்கோ போனில், "என் பெண்டாட்டி பெருந்தன்மைங்க, அந்த அம்மாவை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல," என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் இயக்குநர் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னாள். "கொக்கி நல்ல கொக்கி சார். நான்தான் பூட்டல. பூட்டாமலே சொல்லிட்டேன்."

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்சு போன கதையை எதுக்குக் கிளறுறீங்க? சாயங்காலம் பட்டியல் வருது. நல்லா யோசிச்சுப் பேசுங்க."

"அவங்க செய்யாததை ஒத்துக்கிட்டாங்க சார். செஞ்ச நான் வாயைத் திறக்கல. எழுதியே கொண்டு வந்திருக்கேன்."

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் போயிற்று. கருவி அறையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து நேரில் சொல்ல மட்டும் இவளுக்குத் துணிவு வரவில்லை. அக்கா எல்லாவற்றையும் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

இனி இவளைத் தரையில் எந்தப் பிரிவில் போடுவது என்ற பேச்சு வந்தது. "அக்காகிட்டயே போடுங்க சார். கொக்கி துடைக்கிற வேலைன்னாலும் சரி," என்று அவளே கேட்டாள். இயக்குநர் அக்காவிடம் கேட்க உள்ளே போனார். அவள் கருவி அறைக்கு வெளியே நின்றாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை.

"ஆள் பத்தலைன்னீங்களே, இவங்களை அனுப்பட்டுமா?"

அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "பூட்ட மறந்தது பெரிசில்ல சார், அது யாருக்கும் வரும். வேலை தெரியாதவன்னா நானே கத்துக்குடுப்பேன். இவ எல்லாம் தெரிஞ்சவ. தெரிஞ்சுக்கிட்டே என் கையைப் புடிச்சு, பரவாயில்லக்கான்னாளே, அதுக்கு நான் என்னத்த சொல்லிக்குடுக்க? வேற யாரையாவது அனுப்புங்க."

இயக்குநர் வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "இப்போதைக்கு ஆள் வேணாமாம், அப்புறம் பார்க்கலாம்னாங்க," என்றார்.

"சரி சார்," என்றாள் அவள், எதுவுமே காதில் விழாதவளைப் போல.