முதல் பத்திக்குக் கைதட்டியவர்கள்

1

"அந்தக் கட்டுரையைக் குடுங்க."

தலைமையாசிரியை அன்னம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பெரிய இடத்தில் 'குடுங்க' என்று வாயே திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேக்காட்டிலிருந்து வேம்புலியை டீச்சர் வேலைக்கு அனுப்பினார் அவள் அப்பா தங்கவேல். 'குடுத்தா வாங்கிக்கோ, இல்லாட்டி குனிஞ்சிகினு வந்துடு.' வம்சத்தின் முதல் பி.ஏ.வுக்கு அவர் கொடுத்த சீர் அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். "நல்லா எழுதினா என்ன சார் வரும்?" என்று என் இங்கிலீஷ் வாத்தியாரைக் கேட்டேன். மார்க் வரும் என்றார். போலீஸ் வரும் என்று சொல்லவில்லை. வந்த காலமும் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷத்துக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் கோபம் கழன்றுவிட்டது. பயம் மட்டும் கூட வருகிறது.

2

வர்ணனைக் கட்டுரையாகத் தொடங்கிப் பார்த்தேன்: "பூந்தமல்லிச் சாலையின் இரு மருங்கும் புளியமரங்கள் குடைபிடிக்க, ராணுவ லாரிகள்—"

வேண்டாம். பயந்தவள் மரத்தைப் பார்க்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே சாத்தியிருக்கும் போலீஸ் சைக்கிளைத்தான் பார்ப்பாள்.

நடந்தது இது. வாதக் கட்டுரைப் பாடத்துக்குப் பழைய கேள்வித்தாளில் இருந்த தலைப்பையே எடுத்தாள் வேம்புலி: வெள்ளையர் ஆட்சியால் நாட்டுக்கு நன்மையே. சீட்டுக் குலுக்கினாள். பாதிப் பெண்கள் ஆமென்று எழுத வேண்டும், மீதிப் பேர் இல்லையென்று. ரோஷன் பேகத்துக்கு 'இல்லை' விழுந்தது.

"எதிராளிகிட்ட இருக்கிற நியாயத்தை முதல் பத்தியிலேயே ஒத்துக்கோ. கேக்கறவன் தலையாட்டுவான். ஆட்டும்போது திருப்பு." இதைச் சொல்லிக்கொடுத்ததும் வேம்புலிதான்.

ரோஷன் முதல் பத்தி முழுக்க ஒத்துக்கொண்டாள். ரயில், தபால், ஆஸ்பத்திரி. பரிசளிப்பு விழாவில் வாசிக்கக் கட்டுரை தேடிய அன்னம்மாள் அந்தப் பத்தியோடு படிப்பதை நிறுத்தினார். "பேஷ், இதையே வாசிக்கட்டும்."

(வேம்புலி ஏன் தடுக்கவில்லை? அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாள். எனக்கு வசதியான காய்ச்சல்தான், தெரிகிறது. வேறு வழி கிடைத்தால் சொல்லுங்கள்.)

ஆவடி ராணுவ முகாமிலிருந்து விருந்தினராக வந்த வெள்ளைக்கார அதிகாரி ரயிலுக்குக் கைதட்டினார். தபாலுக்கும் தட்டினார். ரோஷன் தாளைத் திருப்பினாள். அவள் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: 'விளக்கு வாங்கி வைத்தவன் வீட்டையே தன் பேருக்கு எழுதிக் கேட்கலாமா? எண்ணெய் யார் வீட்டு எண்ணெய்? திரி யார் வீட்டுத் துணி?'

தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது.

3

இப்போது அடுத்த அறையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். அன்னம்மாளுக்கு வேம்புலியிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும்: அந்தப் பெண் தானாகவே எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டால் பள்ளிக்கூடம் தப்பும், வேம்புலியும் தப்புவாள்.

"பொய் சொல்லச் சொல்லலையேம்மா. உண்மைதானே?"

உண்மைதான். அதுதான் பயங்கரம். அந்த உண்மை வெளியே போனால், ஆவடி முகாமில் கூடாரம் தைக்கும் ரோஷனின் அப்பா கலீலுல்லாவை இன்றைக்கே அழைத்துப்போவார்கள். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்று கத்திப் பிடிபட்டுப் போனவர்களில் சிலர் எந்த ஜெயிலில் இருக்கிறார்கள் என்றே இன்னும் தெரியவில்லை.

பொய் ஒன்று இருக்கிறது, தயாராக. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கட்டுரை என்றால் டீச்சர் எழுதிப்போடுவது. பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும். மாதிரிக் கட்டுரை என்று பேர். அதைத் தன் வகுப்பில் ஒழித்துக்கட்டியவள் வேம்புலி. 'இது என் மாதிரிக் கட்டுரை, குழந்தை ஒப்பிச்சது' என்று அவள் சொன்னால் இன்ஸ்பெக்டர் நம்புவார். கூடாரம் தைக்கிறவர் மகளுக்கு இப்படி எழுத வரும் என்பதைத்தான் அவரால் நம்ப முடியாது. கேட்கிறவன் ஏற்கெனவே நம்புவதிலிருந்து தொடங்கு. இதுவும் அவள் நடத்திய பாடம்.

சற்றுமுன் தாழ்வாரத்தில் ரோஷனிடம் இதைச் சொன்னாள்.

"சொல்லாதீங்க டீச்சர். நான் எழுதினது."

"உங்க அத்தா ஊட்டுக்குத் திரும்பி வரணுமா, வேணாமா?"

"வரணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா அது என்னுது."

பக்கத்தில் நின்ற ஆயா தாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா பொண்ணு நீ? ஊடு பத்தி எரியுது, கோலம் யார் போட்டதுன்னு சண்டை போட்டுகினு கீறே!"

4

வேம்புலியை ரொம்ப நல்லவளாக ஆக்கிவிட்டேனோ என்று சந்தேகம். இல்லை. அவள் பேனாவை எடுத்தாள். எழுதியும் விட்டாள்: 'அந்தப் பெண் தானாக—'

அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன். அவளும் அப்படித்தான் விட்டாள். அப்புறம்தான் இந்தக் கதையின் முதல் வரியைச் சொன்னாள்.

"குடுக்க முடியாது," என்றார் அன்னம்மாள்.

"அப்ப எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டாள். கட்டுரையின் தலைப்புக்கு மேலே 'மாதிரி' என்று எழுதி, கீழே தன் முழுப்பெயரையும் பட்டத்தையும் எழுதினாள். பி.ஏ. என்ற இரண்டு எழுத்து இவ்வளவு நேரம் பிடித்து அவள் எழுதியதில்லை.

"உன் வேலை மட்டுமில்ல, நீயே போயிடுவே," என்றார் அன்னம்மாள். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அதையும் எழுத வேண்டும். அவரும் பயந்தவர்தான்.

வேம்புலியின் முடிவு எனக்குத் தெரியும். ரோஷனின் முடிவு தெரியாது. இன்ஸ்பெக்டர் அறைக் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே பேசுவது தாழ்வாரத்தில் கேட்கும். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டால் அப்பா வீட்டுக்கு வருவார், கட்டுரை போகும். "நான் எழுதினது" என்று கத்தினால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். அவள் வாயை என்னால் மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. கையில் பேனா இருந்தால் நீங்கள் எழுதுங்கள். வேம்புலியின் தியாகத்தோடு நிறுத்திக்கொண்டு மட்டும் கைதட்டிவிடாதீர்கள். அது முதல் பத்தி.

வேம்புலி தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தூண் ஓரமாக ரோஷன். தாயம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். வேம்புலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்து நடந்தாள், குனியாமல்.