கிழக்கு ஒழுங்கையின் டயர்ச் சப்பாத்து

தொண்டைமானாற்றுச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கனிசியஸிடமிருந்து தேய்ந்த டயர்களை வாங்கி, பாலேஸ்வரி தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு போனதை ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளும் பார்த்தன. பூங்கன்று வைக்கப் போகிறாள் என்றார்கள். தண்ணீர் தேங்கவிட்டு நுளம்பு வளர்த்துச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாட்டப் போகிறாள் என்று கவலைப்பட்டவர்களும், அதை ஆவலோடு எதிர்பார்த்தவர்களும் உண்டு. வாசிகசாலை விளையாட்டுப் போட்டியில் பெண்களின் கயிறிழுத்தல் வருவதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

போன வருடம் கிழக்கு ஒழுங்கைக்காரிகள் ஈரப் புல்லில் வழுக்கி ஒருத்தி மடியில் ஒருத்தியாக இருந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அடியில் பாலேஸ்வரி. வென்ற மேற்கு ஒழுங்கையின் தலைவி ஜெயகௌரி வேறு யாருமல்ல, பாலேஸ்வரியின் கணவனுக்குச் சொந்தத் தங்கை. மீன் சந்தையில் கண்டால் போதும், "பாத்து நில்லுங்கோ மச்சாள், நிலம் ஈரம்" என்பாள். இன்னொரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு மீன் வாங்க பாலேஸ்வரியால் முடியாது.

டயரை வெட்டி, தன் அணிக்காரிகளின் பழைய சப்பாத்துகளின் அடியில் ஒட்டி, வலை பொத்தும் நூலால் இறுக்கித் தைத்தாள். கிணற்றடிச் சீமெந்தில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, சப்பாத்தோடு ஏறி நின்று, "தள்ளுங்கோ பாப்பம்" என்று கணவன் பிரகலாதனை ஏவினாள். விழுந்தது அவன்தான்.

போட்டியன்று மழை பெய்து விட்டிருந்தது. பாலேஸ்வரிக்கு நெஞ்சு படகு இயந்திரம்போல அடித்தது, சந்தோஷத்தில். அப்போதுதான் பக்கத்தில் நின்ற சுவர்ணா முழங்கையால் இடித்தாள்.

"அக்கா, அவையின்ரை காலடியைப் பாருங்கோ."

மேற்கு ஒழுங்கை நடந்து வந்த சேற்றில் வரி வரியாக டயர் அச்சு. இரண்டு அணியும் ஒரே நேரத்தில், கூட்டத்தில் நின்ற கனிசியஸைத் திரும்பிப் பார்த்தன.

"ரெண்டு பகுதியும் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவை," என்றான் அவன். "நான் சொல்லேல்லை."

"இனி ஈரத்தைச் சாட்டேலாது, மச்சாள்," என்றாள் ஜெயகௌரி.

"ஓம். உமக்கும் சேத்துத்தான்."

நடுவர் நாகலிங்கம் விசிலை ஊதினார். பாலேஸ்வரி மல்லாந்து சாய்ந்து குதிக்காலை ஊன்றினாள். ஒருத்தியும் வழுக்கவில்லை. அந்தப் பக்கமும் வழுக்கவில்லை. மனைவிக்குக் கத்துவதா தங்கைக்குக் கத்துவதா என்று தெரியாத பிரகலாதன், கயிற்றின் நடுவுக்கு நேரே வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் கண்ணுக்கு முன்னால் கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி, கிழக்கே ஒரு விரற்கடை நகர்ந்து, அங்கேயே நின்று துடித்தது.