காலை மட்டும் வச்சுக்குங்க

ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் நேராக நுழைத்துப் பார்த்தார்கள், சாய்த்தும் பார்த்தார்கள். கதவு மூடவில்லை. சாய்த்ததில் சுலோசனாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. விடியற்காலையில் மூச்சு நின்றுபோன மனைவிக்கு இப்போது வலித்துவிடும் என்பதுபோல் ஜம்புநாதன் பதறி, "போதும், போதும்" என்றார்.

"சீடி ஸே லே ஜாதே ஹை, காகா," என்று படிக்கட்டைக் காட்டினார் எதிர்வீட்டு ஷிண்டே. மூன்று மாடி இறங்க வேண்டும். கீழே போபோடிப் பகுதியின் குறுகிய சந்துக்குள் எப்படியோ புகுந்து வந்த வண்டி நின்றிருந்தது.

ஜம்புநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.

"அப்பா, படியில முன்னாடிதான் வெயிட் பூரா வரும். நீங்க விடுங்க," என்றான் மகன் நிர்மல். "பக்கத்துல சும்மா கை மட்டும் வச்சுட்டு வாங்க. நாங்க தூக்கிக்கறோம்."

கை மட்டும். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

லீவு கிடைத்தால் போதும், சுலோசனாவுக்கு ஏதாவது ஏரிக்குப் போயாக வேண்டும். மகாபலேஷ்வர், ஊருக்குப் போகிற சாக்கில் ஊட்டி, ஏற்காடு. நீச்சல் தெரியாது. ஆனாலும் படகுக்காரன் துடுப்புப் போடும் படகில் ஏற மாட்டாள். "அவன் ஓட்டுறதுக்கு நாம எதுக்கு?" பெடல் போட்தான். பிள்ளைகள் பின்னால், இவர்கள் இருவரும் முன்னால். ஃபாக்டரி ஷிஃப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறி வந்த களைப்பில் அவருக்குக் கண் சொருகும். "ஏங்க, நீங்க காலை மட்டும் வச்சுக்குங்க," என்பாள். பெடல் சுற்றும், கால் சுற்றும், படகு ஜம்மென்று போகும். தானும் மிதிப்பதாகத்தான் அவர் நம்பினார். ஃபாக்டரி முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருந்தார்.

போன வருஷம் மகாபலேஷ்வரில், வெண்ணா ஏரியின் நடுவில் படகு நின்றுவிட்டது. அவர் கரையைப் பார்த்து, "போட் கராப் ஹை!" என்று கத்தினார். சுலோசனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"போட்டுக்கு ஒண்ணுமில்லைங்க. நான் மிதிக்கிறதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான்."

இரண்டு பேர் பெடலும் ஒரே கம்பியில் கோத்தவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலமெல்லாம் இயந்திரங்களோடு மாரடித்த மனிதர்! அவள் மிதித்ததில் இவர் கால் சுற்றியிருக்கிறது. என்ன மனுஷி! நாலு பேரைச் சுமந்துகொண்டு, கதை பேசிச் சிரித்துக்கொண்டே எத்தனை ஏரி. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, சொல்லிக் காட்டியதில்லை.

இன்றைக்கும் அவளோடு சும்மா ஒட்டிக்கொண்டு போக அவருக்கு மனமில்லை.

"நான் தூக்குறேன்டா."

"அப்பா, ப்ளீஸ்..."

அவர் கைப்பிடியை விடவில்லை. நிர்மல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனான்.

முதல் படியிலேயே பாரம் இறங்கி வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. இவ்வளவு கனமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. திருப்பத்தில் ஷிண்டே நின்று, "காகா, கொஞ்ச நேரம் வேற யாராவது..." என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். ஜம்புநாதன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

வண்டியில் ஏற்றி முடித்ததும் மகள் கீர்த்தி அவர் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கம்பி சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

"எண்ணெய் தடவட்டுமாப்பா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்," என்று கையை மூடிக்கொண்டார்.