ஆரின் சொல்லாமல் வைத்திருந்தது

பேஸ்பால் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது தொடங்கியும் இரண்டு அணிக்கும் ஒரு ரன்கூட விழவில்லை. 1952 ஆகஸ்ட். ஒஹையோவின் அந்த எஃகு ஊரில், காலை ஷிஃப்ட் முடித்து ஆலைக் கரியோடு வந்தவர்கள் பீர் வாங்கக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் அணியின் பந்துவீச்சாளன் விர்ஜில் டோம்சாக்கின் பந்து அன்று அப்படி. முப்பத்து நாலு வயதில் அவன் கை சொன்னபடி கேட்டது.

எதிரணி ஒரு மாற்று ஆட்டக்காரனை மட்டையோடு அனுப்பியது. ஆரின் லட்லோ! ஜூன் மாதம் இந்த எதிரணிக்கு விற்கப்படும்வரை, ஆறு வருஷம் விர்ஜிலின் பந்துகளைக் குந்தி உட்கார்ந்து பிடித்த கேட்சர். வெளியூர் ஆட்டங்களில் ஒரே அறை. விர்ஜிலின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

"என்ன மாப்ள, கிழட்டுக் கை இன்னும் கழண்டு விழலையா?" என்றான் ஆரின்.

"அடிக்க வந்தியா, ஊர்க்கதை பேச வந்தியா?"

இரண்டு வேகப்பந்துகளை ஆரின் தொடவே இல்லை. மூன்றாவதாக விர்ஜில் வளைபந்து வீசினான். அன்று யாருக்கும் பிடிபடாத பந்து. ஆரின் அதற்காகவே காத்திருந்தவன்போல நிதானமாக மட்டையைச் சுழற்றினான். பந்து இடதுபக்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

விர்ஜிலின் அணி பதிலுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஆரின் நின்றிருந்தான்.

"வளைபந்துன்னு எப்படிடா தெரிஞ்சுது?"

ஆரின் தரையைப் பார்த்தான். "அதுக்காக கிளவுஸுக்குள்ள பந்தோட பிடியை மாத்துறப்போ உன் கிளவுஸ் லேசா விரியுது. கவனிச்சுப் பார்த்தா தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

விர்ஜிலுக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. நாற்பத்தெட்டில் இந்தச் சின்ன லீக்கிலிருந்து அவனைப் பெரிய லீக்குக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒவ்வொருவனும் அவன் பந்தை முன்கூட்டியே தெரிந்தவன்போல விளாசினான். ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன்னிடம் அவ்வளவுதான் சரக்கு என்று அன்றிலிருந்து நம்பி வந்தான். திரும்பி வந்த அன்று, "விடுடா, நேரம் சரியில்ல" என்று தோளில் கைபோட்டவன் இதே ஆரின்.

"என்னை மேல கூப்பிட்டப்பவும் தெரியுமா?"

"சொல்லணும்னுதான்டா இருந்தேன். நீ அங்கயே தங்கிட்டா என்னை யாரு வெச்சுப்பா? உன் பந்தைப் புடிக்கத்தானே எனக்கு வேலையே இருந்துச்சு." பிறகு, "என்னை அடிச்சிடுடா," என்றான்.

"அடிச்சா உன் மனசு லேசாயிடும். மாட்டேன்."

வீட்டில் மனைவி வாண்டா முட்டைக்கோஸ் இலையில் கறி மடித்துத் தக்காளிச் சாற்றில் வேக வைத்திருந்தாள். "ஆரின் வரலையா? அவனுக்கும் சேர்த்துத்தானே பண்ணேன்."

நாற்பத்தெட்டில் பெரிய நகரத்துக்குக் குடிபோகலாம் என்று கண்ணாடிக் குவளைகளைக்கூடச் செய்தித்தாளில் சுற்றி வைத்தவள் அவள். அவற்றைப் பிரித்து மீண்டும் அலமாரியில் அடுக்கியவளும் அவள்தான். இப்போது அவளிடம் என்னவென்று சொல்வது?

"அவங்க பஸ் சீக்கிரம் கிளம்பிடுச்சு," என்றான்.

மறுநாள் மைதானத்தில் ஆள் வருவதற்குமுன் கிளவுஸை மூடியபடி பிடி மாற்றி வீசிப் பார்த்தான். வெயில் ஏறுமுன்னே பழகிவிட்டது; நாற்பத்தெட்டிலும் இவ்வளவு நேரம்தான் பிடித்திருக்கும். மிச்சப் பந்துகளை வீசாமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.