ஈர முடிச்சு

"இன்னும் இறுக்கு, துலியா."

ஒப்துலியா குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து நாடாவின் இரு முனைகளையும் ஈரமாக்கினாள். அவள் கணவன் ஃபிதென்சியோ முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். முகமூடி மஞ்சள் நிறம், நெற்றியில் வெள்ளை நட்சத்திரம். கண்ணுக்கு மட்டும்தான் திறப்பு. மூக்கும் வாயும் துணிக்குள்ளேயே. பின்மண்டையில் நாடா குறுக்கும் நெடுக்குமாக இறங்கிக் கழுத்தில் முடியும். ஈரம் காய்ந்தால் முடிச்சு கல்லாகிவிடும். போன ஞாயிறு எதிராளிப் பையன் ஒருவன் ஆர்வக்கோளாறில் இழுத்ததில் முகமூடி தாடைவரை ஏறிவிட்டது. தாடைத் தழும்பை யாராவது பார்த்திருப்பார்களோ என்று அந்த வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை.

"மூச்சு விட முடியுதா?"

"அடி வாங்கப் போறவனுக்கு மூச்சு எதுக்குடி?"

"பல்லைக் காட்டாத. கையைக் குடு."

அவன் வலது கையை நீட்டினான். அவள் அதைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அழுத்து."

"அழுத்திக்கிட்டுதானே இருக்கேன்."

அவள் உள்ளங்கையில் எந்த அழுத்தமும் படவில்லை. மேடையில் அடி விழுந்ததும் கையை அழுத்தினால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எதிராளிக்குச் சேதி. வசந்தகாலத்திலிருந்தே இப்படித்தான். முதலில் காபிக் கோப்பை நழுவியது, அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இன்னொரு அடி தாங்காது என்று தொர்ரெயோன் நகரத்து டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே அவன் இந்தப் போட்டிக்குச் சுவரொட்டி அடிக்கக் கொடுத்துவிட்டான்.

பருத்திச்சீமை மல்யுத்தக் கம்பெனி இந்தப் பழைய பஞ்சுக் கிட்டங்கியில்தான் பிறந்தது. பருத்தி ஆலை மூடிக் கிடந்த காலம். லாரிக் கயிற்றையும் பழைய மெத்தைகளையும் வைத்து ஃபிதென்சியோவும் அவள் தம்பி நசாரியோவும் மேடை கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சான் பெத்ரோ ஊரில் பாதிப் பேர் இங்கேதான் இருப்பார்கள். பிறகு தலைநகரத்துப் பெரிய கம்பெனிகள் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தன. கொஞ்சம் தேறிய பையன்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். அதற்குப் பிறகு, தெருவில் கும்பல்கள் மோதித் துப்பாக்கி வெடித்த வருஷங்கள். இருட்டினால் யாரும் வெளியே வரவில்லை. எல்லாம் போய் மிஞ்சியது இந்த முகமூடி ஒன்றுதான். முகமூடிக்காரனின் மேடைப்பெயர் 'விடிவெள்ளி' என்றால் இன்றைக்கும் குழந்தைகள் பிறந்தநாள் கேக்கில் நட்சத்திரம் கேட்பார்கள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டுகிறவன்தான் அந்த விடிவெள்ளி என்பது ஊருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஒப்துலியா வெறும் டிக்கெட்காரி. ஜன்னலுக்கு வரும் பெண்கள், "அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "முகத்தையே காட்டாதவனை எவ கட்டுவா?" என்று அவளும் சிரிப்பாள்.

இன்றைக்கு முகமூடிக்கும் முடிக்கும் பந்தயம். விடிவெள்ளி தோற்றால் முகமூடியைக் கழற்றி, கூட்டத்தின் முன் நின்று தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். எதிரி 'குள்ளநரி' தோற்றால் மேடையிலேயே மொட்டை. குள்ளநரி வேறு யாருமில்லை, நசாரியோதான். மூன்றாம் சுற்றில் அவன் 'சுத்தியல்' போடுவதாக ஏற்பாடு. ஆளைத் தலைகீழாகத் தூக்கித் தலை தரையில் இடிக்கும்படி மண்டியிடும் அந்த அடிக்குத் தடை உண்டு. போட்டவன் அப்போதே தோற்றவன். விடிவெள்ளி அடிபட்டவன்போல் அசையாமல் ஸ்ட்ரெச்சரில் போவான், நரிக்கு மொட்டை விழும், முகமூடி பிழைக்கும். முகமூடி பிழைத்தால் கம்பெனியும் பிழைக்கும்.

நடைவழியில் அவள் தம்பியை மறித்தாள். எண்ணெய் தடவி வளர்த்த முடி அவன் தோளில் புரண்டது.

"சுத்தியல் வேணாம்டா. வேற ஏதாவது தில்லுமுல்லு பண்ணித் தோத்துப் போ."

"வேற எதுக்கும் ஜனங்க எழுந்திருக்க மாட்டாங்கக்கா. என் முட்டி ரெண்டும்தான் தரையில படும். மச்சான் தலைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும்."

"அவன் கையில உணர்ச்சி இல்லடா."

"தெரியும். அவர் அழுத்தி நாளாச்சு. நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுத்திக்கிறேன்." சிரித்தான். "போய் டிக்கெட் கிழி. வெளியில வரிசை நிக்குது."

வரிசை நின்றது உண்மைதான். பல வருஷங்களுக்குப் பிறகு கிட்டங்கி நிரம்பியது. சூரியகாந்தி விதைத் தோல் தரையெங்கும் நொறுங்க, தகரக் கூரை சாயங்கால வெயிலில் கொதித்தது.

"நரி, உங்கம்மா உன்னை நாய்க்குத்தான் பெத்தாளா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"உன் வீட்டுக் கோழியைக் கேட்டுப் பாரு!" என்று நசாரியோ மேடையிலிருந்து கத்தினான். அவன்மேல் பியர்க் கோப்பைகள் பறந்தன. சிந்திய பியர் மேடைத் துணியில் ஊறியது.

மூன்றாம் சுற்றில் நசாரியோ ஃபிதென்சியோவைத் தலைகீழாகத் தூக்கினான். ஒப்துலியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நசாரியோ மண்டியிடும்போது ஒரு முட்டி ஈரத்தில் வழுக்கியது. பலகைச் சத்தம் எப்போதும்போல் அதிரவில்லை. சின்னதாக, மொத்தையாகக் கேட்டது.

கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது. நடுவர் குகோ விசிலடித்து, கிடந்தவனின் கையைத் தூக்கிக் காட்டினான். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது. பிரமாதமான நடிப்பு என்று குகோவின் முகத்திலேயே எழுதியிருந்தது. நசாரியோ வழக்கம்போல் நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். குனிந்து மச்சானின் கையை அழுத்தினான். பதிலுக்கு அழுத்தம் இல்லை. எப்போதும்தான் இல்லையே, அவன் இன்னொரு சுற்றும் வந்தான்.

ஆனால் ஒப்துலியா துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் இருக்கும் இடத்தில் மஞ்சள் துணி உள்ளே ஒட்டியிருந்தது. மறுபடி எழும்பவில்லை.

அவள் ஓடினாள். காசுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. கயிற்றுக்கு அடியில் புகுந்து மேடையேறியபோது, "டிக்கெட்காரிக்கு என்ன வந்துது?" என்று யாரோ சிரித்தார்கள். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் சோளப்பொரி விற்கும் பையன்கள், ஏற்பாட்டுக்கு வந்தவர்கள். "தொடாதீங்கடா! நெசமான ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று அவள் கத்தினாள். அவர்கள் விழித்துவிட்டு ஓடினார்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் முடிச்சு தெரிந்தது. அதை நகத்தால் கிள்ளினாள். அசையவில்லை. அவளே ஈரம் வைத்து, அவளே இறுக்கியது. கத்தரி ஒப்பனை அறையில் கிடந்தது.

"மூச்சு இல்லடா நசாரியோ."

நசாரியோ மண்டியிட்டு, மச்சானின் தலை அசையாமல் இரு கையாலும் தாங்கிக்கொண்டு, குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தான்.

கூட்டத்துக்கு நரி தெரிந்தது, நரி கடிப்பது தெரிந்தது. செய்யக்கூடாததைச் செய்தும் அடங்காமல், விழுந்து கிடப்பவனின் முகமூடியைக் குதறுகிறான்! நாற்காலி ஒன்று பறந்து வந்து அவன் முதுகில் மோதியது. பாட்டில் ஒன்று காதோரம் உடைந்தது. அவன் நிமிரவே இல்லை. ரத்தம் கழுத்து வழியே வழிய, நாயைப்போல் மென்றுகொண்டிருந்தான். ஒப்துலியா தன் உடம்பை நாற்காலிகளுக்கும் கணவனுக்கும் நடுவில் குறுக்கே வைத்தாள்.

நாடா அறுந்தது. அவள் துணியை மெல்ல உரித்தாள்.

ஊர் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தது. நரைத்த மீசை, தாடைத் தழும்பு, நீலம் பாய்ந்த உதடு. கூச்சல் இரு மடங்கானது. பிறகு பழக்கம் மேலெழும்பி, கால்தட்டலோடு ஒரே குரலாகியது: "பேரு! பேரு! பேரு!"

அவள் அவன் வாயருகே காதை வைத்தாள். கூச்சல்தான் கேட்டது. அவன் மூச்சு விடுகிறானா இல்லையா என்பதை அந்தச் சத்தத்துக்குள் தேட முடியவில்லை. பெயர் சொல்லும்போது மட்டும் இந்த ஜனங்கள் வாயை மூடுவார்கள். எப்பேர்ப்பட்ட எதிரிக்கும் அந்த மரியாதையைத் தருவார்கள்.

நிமிர்ந்தாள். குகோ கையில் ஒலிபெருக்கியோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அதைப் பிடுங்கினாள்.

"ஃபிதென்சியோ," என்றாள். கால்தட்டல் நின்றது. "ஃபிதென்சியோ அர்ரெயோலா. சான் பெத்ரோ ஊர். பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி பஞ்சர் கடை. என் புருஷன்."

கிட்டங்கி அடங்கியது. பின்வரிசையில் ஒருவர், "என் வண்டிக்கு ஒட்டினவன்யா," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மேலே, வெயில் இறங்கி ஆறிக்கொண்டிருந்த தகரம் மட்டும் டிக் டிக்கென்று சுருங்கியது. நசாரியோ அறுந்த நாடாவை உதட்டில் வைத்தபடியே, அசையாமல், அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

ஒப்துலியா ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, தொட்டும் தொடாமலும், அந்த வெற்று முகத்தின்மேல் ஒரு சின்னக் கூரைபோல் கவித்துப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தன் தோலில் ஒரு மூச்சின் சூடு படுவதற்காகக் காத்திருந்தாள்.